ஓய்வுபெற்ற தூதர் கல்லூரிக்குப் பாடம் நடத்த வந்தால்

ஓய்வுபெற்ற தூதர் ஒருவரைக் கல்லூரி சிறப்புரைக்கு அழைத்தால் என்ன நடக்கும் என்று பலருக்கும் தெரியும். பொன்னாடை, நினைவுப் பரிசு, மாறிவரும் உலகில் இந்தியாவின் இடம் பற்றி ஒரு மணி நேரப் பேச்சு, கடைசியில் ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) தேர்வுக்கு எப்படித் தயாராவது என்று இரண்டு கேள்விகள். வெளியுறவு அமைச்சகமே ஓய்வுபெற்ற தூதர்களைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிப் பேசவைக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் அதே மனிதர் ஒரு பருவம் முழுக்க, வாரம் தவறாமல் வகுப்பெடுக்க வந்தால் நிலைமை வேறு. கைவசம் இருக்கும் பேச்சு இரண்டாவது வாரத்திலேயே தீர்ந்துவிடும். மூன்றாவது வாரத்திலிருந்து அவர் ஆசிரியராக வேண்டும்.

அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். உலக அரசியல் பற்றிய அபிப்பிராயம்தான் தன்னிடம் இருக்கும் சரக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். அபிப்பிராயம் தொலைக்காட்சியிலும் நாளிதழிலும் தாராளமாகக் கிடைக்கிறது. தூதரிடம் மட்டுமே இருப்பது தொழில்: ஒரு ஆவணத்தை வரிவரியாகப் படிப்பது, பார்த்ததைத் தலைநகரில் இருப்பவருக்குப் புரியும்படி ஒரு பக்கத்தில் எழுதுவது, எதிர்த்தரப்போடு உட்கார்ந்து ஒரு வாசகத்தில் உடன்படுவது. இதைச் சொல்லிக்கொடுக்க நம் கல்லூரிகளில் வேறு ஆளே இல்லை.

முதலில் அந்தத் தொழில் எப்படி உருவாகிறது என்று பார்க்கலாம். யு.பி.எஸ்.சி. தேர்வில் தேறி ஐ.எஃப்.எஸ். கிடைத்தவர் முசூரியில் அடிப்படைப் பயிற்சி முடித்து, தில்லியில் சுஷ்மா ஸ்வராஜ் வெளியுறவுப் பணிப் பயிற்சி நிறுவனத்துக்கு வருகிறார். பிறகு அவருக்கு ஒரு அயல்மொழி ஒதுக்கப்படும். அரபு, சீனம், ரஷ்யன், ஸ்பானிஷ் என்று ஏதோ ஒன்று. அதைப் படிக்கும்படியாக ஒரு தூதரகத்தில் மூன்றாம் செயலாளராகச் சேர்கிறார். மொழித் தேர்வில் தேறினால்தான் பணி உறுதி. பின்னர் இரண்டாம் செயலாளர், முதல் செயலாளர், கவுன்சிலர், மினிஸ்டர், தூதர் என்று ஏணி. காமன்வெல்த் நாடு என்றால் தூதருக்கு ஹைகமிஷனர் என்று பெயர். இடையிடையே தில்லியில் அண்டர் செக்ரட்டரி, டெபுடி செக்ரட்டரி, டைரக்டர், ஜாயிண்ட் செக்ரட்டரி நாற்காலிகள். ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு ஒரு முறை பெட்டி கட்ட வேண்டும். 60 வயதில் ஓய்வு.

இந்த வாழ்க்கை சில நல்ல பழக்கங்களைத் தருகிறது. புது ஊரில் இறங்கிய சில மாதங்களுக்குள் அந்த நாட்டின் பட்ஜெட், கட்சிகள், சாதி மதக் கணக்குகள், யார் சொன்னால் யார் கேட்பார் என்பதெல்லாம் பிடிபட்டாக வேண்டும். அவசரத்தில் இருக்கும் ஒரு வாசகருக்காக எழுதும் பழக்கம் வருகிறது. தனக்குப் பின் வருபவருக்காகக் கோப்பை ஒழுங்காக வைக்கும் பழக்கமும் வருகிறது. கூடவே வகுப்பறைக்கு ஆகாத பழக்கங்களும் ஒட்டிக்கொள்கின்றன. கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் நழுவுவது தூதரகத்தில் திறமை, வகுப்பில் குற்றம். பேசுகிறவரின் பதவியைப் பார்த்துக் கருத்துக்கு எடை போடுவதும் அப்படித்தான். தட்டச்சு, நகல், நேரம் குறிப்பது என்று எல்லாவற்றுக்கும் உதவியாளர் இருந்தவருக்கு, வருகைப் பதிவேட்டையும் இன்டர்னல் மதிப்பெண் பட்டியலையும் தானே பூர்த்தி செய்வது முதல் பருவத்தில் பெரிய பாரமாகத் தெரியும்.

இரண்டு உலகத்திலும் வாழ்ந்தவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. கே.ஆர். நாராயணன் 1949-இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். நடுவில் தில்லி பொருளாதாரப் பள்ளியில் பாடம் நடத்தினார். தாய்லாந்து, துருக்கி, சீனா ஆகிய நாடுகளில் தூதராக இருந்துவிட்டு, 1979-இல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். அங்கிருந்து மறுபடியும் தூதராக வாஷிங்டனுக்குப் போனார். அதே பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான ஜி. பார்த்தசாரதியும் ஐ.நா.வில் இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்துவிட்டு வந்தவர்தான். கே.எம். பணிக்கர் அலிகாரில் ஆசிரியராக இருந்து, பின்னாளில் சீனாவில் தூதராகி, கடைசியில் மைசூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது 1963-இல் காலமானார். நம் காலத்தில் முன்னாள் வெளியுறவுச் செயலாளர்கள் சிவசங்கர் மேனன் அசோகா பல்கலைக்கழகத்திலும் நிருபமா ராவ் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்திலும் கற்பித்திருக்கிறார்கள். பெரிய பெயர்கள், பெரிய நிறுவனங்கள். ஆனால் எனக்கு அக்கறை திருநெல்வேலியிலோ திருவண்ணாமலையிலோ இருக்கும் ஒரு கலைக் கல்லூரியின் மேல்தான். அங்கே ஒரு தூதர் வந்து உட்கார வழி இருக்கிறதா?

இருக்கிறது. நெட், செட் போன்ற தகுதித் தேர்வோ பி.எச்.டி.யோ இல்லாமல் நிரந்தர உதவிப் பேராசிரியர் ஆக முடியாது. ஆனால் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022-இல் கொண்டுவந்த 'பேராசிரியர் ஆஃப் பிராக்டிஸ்' வழிகாட்டுதலின்படி, தன் துறையில் குறைந்தது 15 வருட அனுபவமும் மூத்த பொறுப்பும் உள்ளவரைப் பட்டத் தகுதி பார்க்காமல் அமர்த்திக்கொள்ளலாம். ஒரு நிறுவனத்தில் இப்படிப்பட்டவர்கள் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. முதலில் ஒரு வருடம் வரை, மொத்தம் மூன்று வருடம், விதிவிலக்காக இன்னும் ஒரு வருடம். நான்குக்கு மேல் கிடையாது. கல்லூரியே சம்பளம் கொடுக்கலாம், தொழில் நிறுவனம் கொடுக்கலாம், மதிப்பூதியம் இல்லாத கௌரவப் பணியாகவும் இருக்கலாம். ஓய்வூதியம் வாங்கும் தூதருக்கு மூன்றாவது வழியும் ஒத்துவரும்.

அடுத்த முட்டுக்கட்டை பாடத்திட்டம். தன்னாட்சிக் கல்லூரி என்றால், பாடத்திட்டத்தை முடிவுசெய்யும் போர்டு ஆஃப் ஸ்டடீஸ் கூட்டத்தில் புது விருப்பப் பாடத்தை வைத்து நிறைவேற்றிவிடலாம். கூட்டம் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் நடக்கும் என்பதால், ஜூன் மாதம் வகுப்பு தொடங்க வேண்டுமானால் அதற்கு முந்தைய கூட்டத்திலேயே பாடத்திட்டம் மேசையில் இருக்க வேண்டும். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் இணைப்புக் கல்லூரியில் அந்தச் சுதந்திரம் இல்லை. அங்கே நல்ல வழி, பாடத்திட்டத்துக்கு வெளியே கூடுதலாக நடத்தும் 30 மணி நேர 'வேல்யூ ஆடட்' படிப்பு. கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டிலும் அது கணக்கில் வருவதால் நிர்வாகம் மறுக்காது. பதினைந்து வாரம், வாரம் இரண்டு மணி நேரம். தூதரின் தொழிலைக் காட்ட இது போதும், அவர் சொற்பொழிவு ஆற்றாமல் இருந்தால்.

அந்த 30 மணியை நான் இப்படிப் பிரிப்பேன்: சட்டமும் விதிகளும் 4, ஆவணம் படிப்பது 6, தந்தி (தூதரகம் தன் தலைநகருக்கு அனுப்பும் அறிக்கை) எழுதுவது 6, தூதரகச் சேவைகள் 4, பேச்சுவார்த்தைப் பயிற்சி 8, மீதி 2 மணி விட்டுப்போனதைப் பிடிக்க. பேச்சுவார்த்தைக்கு அதிகம் ஒதுக்கியதற்குக் காரணம் அதை அவசரமாக நடத்தினால் நாடகமாகிவிடும்.

சட்டப் பகுதியில் தூதரக உறவுகள் பற்றிய 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைதான் அடித்தளம். மொத்தம் 53 பிரிவுகள். எல்லாவற்றையும் நடத்தத் தேவையில்லை. மூன்றாவது பிரிவு தூதரகத்தின் ஐந்து வேலைகளைச் சொல்கிறது. அதில் நான்காவது, அந்த நாட்டு நிலவரத்தைச் சட்டப்படியான எல்லா வழிகளிலும் அறிந்து தன் அரசுக்குத் தெரிவிப்பது. தூதருக்கும் உளவாளிக்கும் உள்ள எல்லைக்கோடு அங்கே இருக்கிறது. நான்காவது பிரிவின்படி, ஒருவரைத் தூதராக ஏற்க மறுக்கும் நாடு காரணம் சொல்லக் கடமைப்பட்டதில்லை. ஒன்பதாவது பிரிவின்படி, இருக்கும் தூதரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பவும் காரணம் சொல்ல வேண்டாம். 29, 31 ஆகிய பிரிவுகள் தூதரைக் கைதுசெய்யக் கூடாது என்பதையும் வழக்கிலிருந்து அவருக்குள்ள விலக்கையும் பற்றியவை. 41 அவர் அந்த நாட்டுச் சட்டத்தை மதிக்க வேண்டும் என்கிறது. இந்த ஆறும் தெரிந்தால் செய்தித்தாளில் வரும் தூதரகச் சச்சரவுகளில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

அதோடு 1963-ஆம் ஆண்டின் துணைத் தூதரக (கான்சுலேட்) உடன்படிக்கையையும் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்று என்று மாணவர்கள் மயங்குவார்கள். 2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதரகத்தின் மூத்த அதிகாரி ஒருவர் கைதானபோது நாடே கொதித்தது. துணைத் தூதரக அதிகாரிக்கு அலுவல் சார்ந்த செயல்களுக்கு மட்டுமே விலக்கு, முழு விலக்கு கிடையாது என்பதுதான் அங்கே வழக்கின் முடிச்சு. அவரை ஐ.நா.வுக்கான இந்தியத் தூதுக்குழுவுக்கு மாற்றியதும் முழு விலக்கு கிடைத்தது. அந்த ஒரு இடமாற்ற உத்தரவு ஏன் அவ்வளவு முக்கியம் என்று மாணவர் தாமாகக் கண்டுபிடிக்க ஒரு வகுப்பு ஒதுக்கலாம். பாகிஸ்தானில் கைதான இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 2019 ஜூலை 17-இல் கொடுத்த தீர்ப்பும் இதே 1963 உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவின் மேல் நின்றதுதான்: கைதான அயல்நாட்டவரைப் பற்றி அவருடைய நாட்டுக்குத் தகவல் தர வேண்டும், அதன் அதிகாரிகள் அவரைப் பார்க்க விட வேண்டும்.

ஆவணம் படிக்கும் பகுதிக்குத் தமிழ்நாட்டு மாணவர்களுக்குக் கச்சத்தீவைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. அதைப் பற்றிக் கருத்து இல்லாத ஆள் நம் ஊரில் கிடையாது. ஆனால் ஒப்பந்தத்தைப் படித்தவர்கள் மிகக் குறைவு. 1974 ஜூன் மாத ஒப்பந்தம் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும். வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பந்தத் தளத்திலிருந்து எடுத்து ஆளுக்கொரு நகல் கொடுக்க வேண்டும். திரையில் காட்டினால் போதாது. பென்சிலால் அடிக்கோடு போட்டுப் படிக்கும்போதுதான் வாசகம் வாசகமாகத் தெரியும்.

நான்காவது பிரிவு: அவரவர் எல்லைக்குள் இருக்கும் நீர்ப்பரப்பு, தீவுகள், கடலடி நிலம் எல்லாவற்றின் மீதும் அவரவருக்கே இறையாண்மை. ஐந்தாவது பிரிவு: அதற்கு உட்பட்டு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் இதுவரை போலவே கச்சத்தீவுக்கு வந்து போகலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை. ஆறாவது பிரிவு: இரு நாட்டுக் கலங்களும் மற்ற நாட்டின் நீர்ப்பரப்பில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும். இப்போது மாணவர்களிடம் ஒரே கேள்வி: தீவைச் சுற்றி மீன்பிடிக்கும் உரிமை இதில் இருக்கிறதா? வகுப்பு இரண்டாகப் பிரியும். ஐந்தாவது பிரிவு தீவுக்கு வந்துபோவதைப் பற்றி மட்டுமே பேசுகிறது, 'அதற்கு உட்பட்டு' என்று நான்காவது பிரிவுக்குக் கீழே தன்னை வைத்துக்கொள்கிறது என்று ஒரு தரப்பு சொல்லும். ஆறாவது பிரிவின் 'மரபான உரிமைகள்' என்பதில் மீன்பிடிப்பு அடங்காதா என்று மறு தரப்பு கேட்கும். இரண்டுக்கும் வாசகத்தில் பிடி இருக்கிறது. வாதம் சூடேறியதும் இரண்டாவது காகிதத்தைக் கொடுக்க வேண்டும். 1976 மார்ச் 23-இல், மன்னார் வளைகுடா, வங்கக் கடல் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே, இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் மாற்றிக்கொண்ட கடிதங்கள். வெளிப்படையான அனுமதி இல்லாமல் ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடற்பரப்பில் மீன்பிடிக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது.

ஒப்பந்தத்தின் உடலில் இல்லாத ஒன்று, கூட வந்த கடிதத்தில் முடிவாகியிருக்கிறது. இந்தக் கடிதம் 1974-இன் ஆறாவது பிரிவை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்பது இன்றும் வாதத்துக்கு உரியது. ஆசிரியர் இங்கே தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஒவ்வொரு தரப்பும் தன் வாதத்தை எந்தப் பிரிவின் எந்த வாசகத்தில் நிறுத்துகிறது என்று மட்டும் கேட்க வேண்டும். வாசகம் காட்டாமல் பேசினால் அந்த வாதம் பலகையில் ஏறாது என்ற ஒரே விதி போதும். மேடைப் பேச்சைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் இந்த இரண்டு மணி நேரத்தில் காகிதத்துக்குத் திரும்புவதைப் பார்க்க நன்றாக இருக்கும்.

தந்தி எழுதும் பயிற்சிக்கு வெளிநாடு தேவையில்லை. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராமசபை கூடுகிறது. மாணவர் தன் ஊர்க் கூட்டத்துக்குப் போய், தன்னை அயல்நாட்டுத் தூதரக அதிகாரியாகப் பாவித்து, தன் தலைநகருக்கு 400 சொல்லில் ஒரு தந்தி எழுத வேண்டும். பத்திகளுக்கு எண் போட வேண்டும். முதல் பத்தியில் சாரம், மூன்று வாக்கியத்துக்குள். அடுத்து நடந்தது. அடுத்து யார் என்ன சொன்னார், அவர் சொன்னதை எந்த அளவுக்கு நம்பலாம். பிறகு 'கருத்து' என்று தலைப்பிட்டுத் தனிப் பத்தி. கடைசியில், தலைநகர் என்ன செய்யலாம் என்ற பரிந்துரை.

முதல் தந்தி ஏறக்குறைய எல்லோருக்கும் தவறும். தவறும் விதமும் ஒன்றேபோல இருக்கும். கருத்து நிகழ்ச்சிக்குள் கசிந்துவிடும்: 'தலைவர் வழக்கம்போல மழுப்பினார்' என்பார்கள். மழுப்பினார் என்பது எழுதியவரின் தீர்ப்பு. என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்று எழுதினால் தலைநகரே தீர்ப்பை எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, சாரத்தில் செய்தி இருக்காது: 'கூட்டம் சிறப்பாக நடைபெற்றது' என்று இருக்கும். குடிநீர்த் தீர்மானம் நிறைவேறியதா என்பது நான்காவது பத்தியில் ஒளிந்திருக்கும். மூன்றாவது, யாரும் சொல்லாததைக் கவனிக்கத் தவறுவார்கள். எத்தனை பெண்கள் வந்தார்கள், எந்தத் தெருக்காரர்கள் வரவில்லை, வரவுசெலவு வாசித்தபோது யார் எழுந்து போனார்கள் என்பதெல்லாம் நல்ல அதிகாரியின் தந்தியில் இருக்கும். ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று முறை திருத்தி எழுத வேண்டும். திருத்தும் வேலை ஆசிரியருக்குக் கடினம்: 30 பேர், மூன்று படி, 90 காகிதம். ஆனால் இந்தப் படிப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தமிழ்வழி மாணவரைத் தமிழிலேயே எழுதவிட வேண்டும். கண்ணால் பார்த்ததைத் துல்லியமாகச் சொல்லப் பழகிய பிறகு அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது இரண்டாம் வேலை.

நல்ல தந்திக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால், 1971 ஏப்ரல் 6-இல் டாக்காவில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதரகம் அனுப்பிய தந்தியைக் கொடுக்கலாம். அமெரிக்க அரசு ரகசியம் நீக்கி வெளியிட்ட ஆவணம் அது. கிழக்குப் பாகிஸ்தானில் நடந்த படுகொலைகளைத் தங்கள் அரசு கண்டிக்கத் தவறியது என்று 20 அதிகாரிகள் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். துணைத் தூதராக இருந்த ஆர்ச்சர் பிளட் அதன் அடியில் தன் குறிப்பைச் சேர்த்தார். எதிர்ப்புச் சொல்லும் அவர்கள் உரிமையை ஆதரிக்கிறேன், இந்தக் கருத்துகளை நானும் ஏற்கிறேன், ஆனால் இந்த அலுவலகத்தின் தலைவராக இருக்கும்வரை நான் கையெழுத்திடுவது பொருத்தமில்லை என்று எழுதினார். கடைசியில், வங்காளிகள் வென்று சுதந்திர வங்கதேசம் உருவாவதற்கே வாய்ப்பு அதிகம் என்று தன் கணிப்பையும் வைத்தார். மனசாட்சி ஒரு பத்தியில், பதவியின் வரம்பு ஒரு பத்தியில், கணிப்பு ஒரு பத்தியில். ஒன்றோடு ஒன்று கலக்கவில்லை. எட்டு மாதத்தில் கணிப்பு பலித்தது.

அந்தத் தந்தி அதிகக் கட்டுப்பாடில்லாத ரகசியக் குறியீட்டோடு போனதால் வாஷிங்டனில் பல மேசைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகுதான் அங்கே வட்டத்தைச் சுருக்கினார்கள். யாருக்கெல்லாம் நகல் போகிறது என்பதும் எழுத்தின் ஒரு பகுதி என்று மாணவருக்குக் காட்ட இதைவிட நல்ல சான்று கிடைக்காது. பிளட்டை டாக்காவிலிருந்து முன்கூட்டியே திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அவருடைய பணி வாழ்க்கை அதன்பின் ஏறவேண்டிய உயரத்துக்கு ஏறவில்லை. 1982-இல் ஓய்வுபெற்று, பென்சில்வேனியாவில் அலெகெனி என்ற சிறிய கல்லூரியில் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார்.

தூதரகச் சேவைகள் பகுதியைச் சில தூதர்கள் தாழ்வாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். உச்சி மாநாடு பற்றிப் பேசுவதில் இருக்கும் மவுசு பாஸ்போர்ட்டைப் பற்றிப் பேசுவதில் இல்லை. வளைகுடாவுக்கு ஆள் போகாத மாவட்டமே இல்லாத மாநிலத்தில் இதை விடுவது பெரிய இழப்பு. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வீட்டுக்கே நாளை இது தேவைப்படலாம். ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு முழுதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்: வெளிநாட்டில் இறந்தவரின் உடலை ஊருக்குக் கொண்டுவருவது.

வேண்டிய காகிதங்கள் இவை. மருத்துவமனை தரும் மருத்துவ அறிக்கை அல்லது இறப்புச் சான்றிதழ். விபத்து, தற்கொலை, கொலை என்றால் காவல்துறையின் விரிவான அறிக்கை, அது வேறு மொழியில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும். உடலை அனுப்பவோ அங்கேயே அடக்கம் செய்யவோ நெருங்கிய உறவினரின் ஒப்புதல் கடிதம், நோட்டரி சான்றொப்பத்துடன். இறந்தவரின் பாஸ்போர்ட், விசா பக்கங்களின் நகல். உடலைப் பதப்படுத்த அனுமதியும் ஏற்பாடும். அந்த நாட்டுக் குடியேற்றத் துறை, சுங்கத் துறை ஆகியவற்றின் அனுமதி. தூதரகம் இறப்பைப் பதிவுசெய்து, பாஸ்போர்ட்டை ரத்துசெய்து, தடையில்லாச் சான்று தருகிறது. பிறகுதான் விமானச் சரக்குப் பிரிவில் இடம்.

எங்கே தாமதமாகிறது? பெரும்பாலும் பெயரில். பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து, உறவினர் கடிதத்தில் மூன்றாவது விதம். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் பத்தியில் போடும் நம் வழக்கம் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகிறது. அடுத்து, யார் நெருங்கிய உறவினர் என்பதில் வீட்டுக்குள் தகராறு. இயற்கைக்கு மாறான மரணமாக இருந்தால் அங்கே விசாரணை முடியும்வரை உடல் வெளியே வராது, அதைத் தூதரகம் அவசரப்படுத்த முடியாது. செலவை யார் ஏற்பது என்பது நான்காவது. முதலாளி கொடுக்காவிட்டால், வசதியில்லாத குடும்பத்துக்கு இந்தியச் சமூக நல நிதியிலிருந்து தூதரகம் கொடுக்கலாம். 2009-இல் உருவான நிதி அது. புகாரைப் பதிவுசெய்ய 'மதத்' இணையத் தளம் இருக்கிறது. மாணவர்கள் இந்தக் காகிதங்களைக் கற்பனைப் பெயரில் ஒரு கோப்பாகத் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு கோப்பிலும் ஆசிரியர் ஒரு பிழையை ஒளித்துவைத்து, அடுத்த குழு கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரத்தில் தூதரகம் என்றால் என்ன என்பது இதில் புரியும் அளவுக்கு வேறெதிலும் புரியாது.

பேச்சுவார்த்தைப் பயிற்சிக்கு 1964 அக்டோபர் 30-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளலாம். இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர் என்று இரு தரப்பும் எண்ணிக்கையில் உடன்பட்டன. 5,25,000 பேரை இந்தியா ஏற்றது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று விட்டார்கள். 15 வருடத்தில் நிறைவேற்றுவதாகத் திட்டம். அந்த மீதியை 1974-இல் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். மலையகத் தோட்டங்களில் தேயிலை பறித்த அந்த மக்கள் பேச்சுவார்த்தையில் ஒரு தரப்பாக உட்காரவில்லை.

வகுப்பை ஆறு ஆறு பேராக இந்தியக் குழு, இலங்கைக் குழு என்று பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் அரசு தரும் அறிவுறுத்தலை மூடிய உறையில் தர வேண்டும். அதில் வேண்டிய எண்ணிக்கை, இறங்கிவரக்கூடிய எல்லை, பேசக்கூடாத ஒரு விஷயம் ஆகியவை இருக்கும். இரண்டு குழுவின் எல்லைகளும் ஒன்றையொன்று லேசாகத் தொடும்படி அமைக்க வேண்டும். தொடாவிட்டால் பேச்சு முறியும். அதிகம் தொட்டால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் தலைவர், ஒருவர் குறிப்பெடுப்பவர், ஒருவர் வாசகம் எழுதுபவர். உடன்படாத சொற்களைச் சதுர அடைப்புக்குள் போட்டுக்கொண்டே போவதுதான் உண்மையான மேசையிலும் நடைமுறை. ஒவ்வொரு அமர்விலும் எத்தனை அடைப்பு நீங்கியது என்று பார்த்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது அமர்வுக்கு நடுவே தலைநகரிலிருந்து புது உத்தரவு வர வேண்டும்: நேற்று வரை ஏற்ற எண்ணை இன்று ஏற்கக் கூடாது. அப்போது குழுத் தலைவர் எதிர்த்தரப்பின் முகத்தைப் பார்த்து என்ன சொல்கிறார் என்பதுதான் இந்தப் பயிற்சியின் மையம்.

இதிலும் தவறுகள் வரும். நண்பர்கள் எதிரெதிரே உட்கார்ந்தால் சீக்கிரம் சமாதானமாகிவிடுவார்கள். அதனால் குழுவைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது நல்லது. சிலர் மேசையைத் தட்டி வசனம் பேசுவார்கள். மதிப்பெண் யார் வென்றார் என்பதற்கு இல்லை, குறிப்பெடுத்த பதிவு எவ்வளவு துல்லியம் என்பதற்கே என்று முதலிலேயே சொல்லிவிட்டால் சத்தம் குறையும். இரண்டு குழுவின் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது, ஒரே கூட்டத்தை இருவர் எப்படி வெவ்வேறாகக் கேட்டிருக்கிறார்கள் என்று வகுப்பே அதிர்ந்துபோகும். கடைசி அமர்வில் மூன்றாவது நாற்காலி போட்டு, தோட்டத் தொழிலாளர் தரப்பாக இருவரை உட்காரவைத்து, அதே வாசகத்தை அவர்களிடம் விளக்கச் சொல்ல வேண்டும். நான் இந்தப் பயிற்சியைப் பரிந்துரைப்பதற்கே முக்கியக் காரணம் அந்த அமர்வுதான்.

ரகசியம் பற்றி ஒரு வார்த்தை. 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் ஓய்வுபெற்றவரையும் விடாது. பதவியில் இருந்தபோது கைக்கு வந்த ரகசியத் தகவலும் அதில் அடக்கம். மாணவர் ஆர்வத்தில் 'உண்மையில் என்ன நடந்தது சார்?' என்று கேட்பார்கள். நாடாளுமன்ற விவாதங்கள், ஒப்பந்தத் தளம், தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையத் தளம், அமெரிக்கா ரகசியம் நீக்கிய தொகுதிகள் என்று பொதுவில் இருப்பதே ஒரு பருவத்துக்கு மிகுதி. பொதுவில் உள்ள காகிதத்தை மட்டுமே வகுப்புக்குக் கொண்டுவருவது என்று வைத்துக்கொண்டால் சங்கடமே வராது. 'நான் அப்போது அங்கே இருந்தேன்' என்ற வாக்கியத்தின் கவர்ச்சியும் அதனால் குறையும். அது மாணவருக்கு நல்லது. சாட்சி சொல்பவரை எதிர்த்துப் பேச இருபது வயதுப் பிள்ளையால் முடியாது, காகிதத்தை எதிர்த்துப் பேச முடியும்.

மூன்று அல்லது நான்கு வருடத்தில் அவர் போய்விடுவார். அவரோடு படிப்பும் போய்விடுவதுதான் இத்தகைய நியமனங்களில் நடக்கும் பெரிய சேதம். தூதர்களுக்கு இதற்கான மருந்து கைப்பழக்கமாகவே தெரியும். ஒவ்வொரு நாட்டை விட்டுக் கிளம்பும்போதும் அடுத்தவருக்கு ஒப்படைப்புக் குறிப்பு எழுதியவர்கள். இங்கேயும் எழுத வேண்டும். முதல் வருடத்திலிருந்தே துறையின் இளம் ஆசிரியர் ஒருவரை எல்லா வகுப்பிலும் கூட உட்காரவைத்து, இரண்டாம் வருடம் தந்திப் பகுதியை அவரிடமும், மூன்றாம் வருடம் பேச்சுவார்த்தையையும் அவரிடமே கொடுக்க வேண்டும். குறிப்பில் இருக்க வேண்டியவை: ஒவ்வொரு வாரத்தின் காகிதங்களின் நகல், மூடிய உறைகளில் எழுதிய அறிவுறுத்தல்கள், எந்த எல்லை வைத்தபோது பேச்சு முறிந்தது, எந்தப் பயிற்சிக்கு நேரம் போதவில்லை, திருத்திய தந்திகளில் நல்லதாக ஐந்து, மோசமானதாக ஐந்து, பெயர் நீக்கி. இது ஒரு கோப்புப் பெட்டிக்குள் அடங்கும். துறை அலமாரியில் வைத்து, இன்னொரு பிரதியை நூலகத்தில் பதிவு எண் போட்டு ஒப்படைத்துவிட வேண்டும்.